கல்லில் எண்ணா, ஏட்டில் பதிவா?

இடிந்த அல்லது பிரித்த பழங்கட்டடத்தை அதே கற்களால் மீண்டும் எழுப்ப முனைவோருக்கு முதலில் எழும் கேள்வி இது: ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதுவதா, அதை அளந்து ஏட்டில் பதிவதா?

செலவு: கல்லில் எண்ணிட வண்ணமும் தூரிகையும் போதும்; அளந்து படமெடுத்துப் பதியப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.

ஆயுள்: எண் மழையில் மங்கும், ஏடோ தொலையும். கம்போடியாவின் பாபுவோன் கோயிலில், சீரமைப்புக்காகப் பிரித்து அடுக்கிய ஏறத்தாழ 3,00,000 கற்களின் ஆவணங்கள் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சிக் காலத்தில் அழிந்ததால், 1995இல் மீண்டும் தொடங்கிய பணி, கல்லையும் கல்லையும் பொருத்திப் பார்த்தே நகர்ந்து, 2011இல்தான் நிறைவுற்றது.

பயன்: கல் விழுந்த இடத்தை எண் சொல்லாது. 1945 குண்டுவீச்சில் சரிந்த, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஃபிராவன்கிர்ஹ தேவாலயத்தில், இடிபாட்டில் ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறித்துவைத்தது, அது சுவரில் இருந்த இடத்தை அறிய உதவியது.

திட்டமிட்டுப் பிரிக்கும் சிறு மண்டபத்துக்கு, வரைபடத்தோடு ஒத்த எண்ணை, கட்டும்போது மறையும் பக்கத்தில் எழுதினால் போதும். குண்டுவீச்சிலோ நிலநடுக்கத்திலோ சரிந்ததற்கு முழுப் பதிவே வேண்டும். அதன் நகல் வேறு ஊரில் இருப்பது கட்டாயம்.