சார்ஜ் 80%-ல் நிற்காத ஸ்கூட்டர்: கோத்தகிரியில் 2 வருடம்

போன வாரம் என் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மூன்றாவது தடவையாக பிரேக் பேட் மாற்றினேன். அன்றைக்கே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா?"

ஊருக்குள் ஓட்ட இதைவிட நல்ல வண்டி கிடையாது. டானிங்டன் பக்கத்து ஏற்றத்தில் இரண்டு பேரோடு திணறாமல் ஏறுகிறது. பெட்ரோல் பங்க் பக்கமே நான் போவதில்லை.

பிரச்சினை மேட்டுப்பாளையம் இறக்கம். 33 கிலோமீட்டர் தூரம், 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். கியர் வண்டியை செகண்டில் இறக்குவது மாதிரி. வண்டியும் நானும் சேர்ந்து 180 கிலோ; கணக்குப் போட்டால் அந்த உயரத்துக்கே ஏறக்குறைய 0.7 யூனிட் வருகிறது. 80 சதவீத சார்ஜில் கிளம்பினால் மேட்டுப்பாளையம் பக்கம் போகும்போதும் 75 காட்டும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இறங்கலாம்.

ஆனால் 100-ல் கிளம்பினால்? நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி வாங்காது, மோட்டாரும் பிடிக்காது. அரவேனு தாண்டியும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினேன். ஒரு வளைவில் ஓரம் கட்டியபோது பேட் கருகிய வாடை. டிஸ்க் பக்கம் கை வைக்க முடியவில்லை.

ஷோரூமில் "ராத்திரி ஃபுல்லா போட்டு எடுங்க சார்" என்றுதான் சொன்னார்கள். 80-ல் தானாக நிற்கும் வசதி என் மாடலில் இல்லை. டைமர் பிளக் வாங்கிப் பார்த்தேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் டைமரும் நின்றுவிடும், கணக்கு தப்பிவிடும். அதனால் டிசம்பர் குளிரில் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து நானே சுவிட்சை அணைக்கிறேன். ஒரு மென்பொருள் மாற்றத்தில் முடிகிற வேலை இது. இரண்டு வருடமாகக் கேட்கிறேன், செய்யவில்லை.

மலையில் இந்த வண்டிகள் பெருக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். இதைச் சொல்லாமல் விற்றால் முதல் இறக்கத்திலேயே பயந்து பழைய வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அக்கா மகனிடம் சொன்னேன்: "வாங்குடா. ஆனா என் வண்டியை மட்டும் வாங்காதே. சார்ஜை 80-ல் நிறுத்திக் காட்டச் சொல்லு. காட்டலைன்னா வெளியே வந்துடு."