நூறு போர்ட்டுக்கு ஒரு லோடு பேலன்சர்: எது தோது?

ஏற்காட்டு காபி எஸ்டேட்களில் மாட்டியிருக்கும் கேமராக்கள், வேலியோரம் காட்டெருமை வந்தாலும் ஆள் வந்தாலும் படம் எடுத்து எஃப்டிபியில் (கோப்புகளை அனுப்பும் பழைய இணைய முறை) அனுப்பிவிடும். படங்கள் சேர வேண்டிய இடம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் உள்ள இரண்டு சர்வர்கள். முன்னால் ஒரு லோடு பேலன்சர், அதாவது வரும் இணைப்புகளை இரண்டு சர்வருக்கும் பங்கிடுவது. எஃப்டிபிக்கான 21ஆம் போர்ட் (போர்ட் என்பது சர்வரில் இணைப்பு நுழையும் எண்ணிட்ட கதவு) மட்டும் என்றால் அரை மணி நேர வேலை. ஆனால் கேமராவே எல்லா இணைப்பையும் தொடங்கும் பாசிவ் முறையில் 21இல் பேச்சுவார்த்தைதான் நடக்கும்; படத்தை அனுப்ப சர்வர் வேறொரு போர்ட்டைச் சொல்லும். அதற்கு 30000 முதல் 30099 வரை நூறு போர்ட் கொண்ட ரேஞ்ச் ஒதுக்கியிருக்கிறது. (32768க்கு மேல் போகவில்லை. அங்கிருந்து லினக்ஸ் தன் சொந்த இணைப்புகளுக்கு போர்ட் எடுக்கும்.)

கிளவுடில் வைத்தால் என்ன? அமேசானின் நெட்வொர்க் லோடு பேலன்சரில் ஒரு லிசனருக்கு (இணைப்பை வாங்கும் அமைப்பு) ஒரே போர்ட், அதுவும் வழக்கமான உச்சவரம்பு 50 லிசனர். அந்த வரம்பைத் தாண்ட வழி கிடைத்தாலும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி டார்கெட் குரூப் (இணைப்பு போய்ச் சேரும் சர்வர்களின் பட்டியல்) கட்டி மேய்ப்பது வெட்டி வேலை. மைக்ரோசாஃப்டின் அஸூரில் எல்லா போர்ட்டையும் ஒரே விதியில் திறக்கலாம், ஆனால் உள் நெட்வொர்க் பேலன்சரில் மட்டும். இணையத்திலிருந்து வரும் கேமராவுக்கு உதவாது. கூகிள்தான் பரவாயில்லை. இணையத்திலிருந்து வருவதை அப்படியே சர்வருக்குத் தள்ளும் வெளி பாஸ்த்ரூ பேலன்சரில் ஒரு ஃபார்வர்டிங் விதியிலேயே ரேஞ்ச் கொடுக்கலாம்.

நாமே நடத்தும் மென்பொருள்களில் என்ஜின்எக்ஸும் ஹெச்ஏபிராக்ஸியும் ரேஞ்சை ஒரே வரியில் வாங்கிக்கொள்ளும். என்ஜின்எக்ஸில் இந்த வசதி 1.15.10 பதிப்பிலிருந்து உண்டு. ஹெச்ஏபிராக்ஸியில் சர்வர் வரியில் போர்ட் எழுதாமல் விட்டால் வந்த போர்ட்டுக்கே அனுப்பும். என்ஜின்எக்ஸில் அதற்கென ஒரு மாறியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் பேலன்சரான ஐபிவிஎஸ் வேறு ரகம். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் 21ஐயும் ரேஞ்சையும் சேர்த்து ஒரே முத்திரை குத்திவிட்டால், அந்த முத்திரையை ஒரே சேவையாக எடுத்துக்கொள்ளும். பத்தாயிரம் போர்ட் என்றாலும் அதே ஒரு விதிதான். அப்படி ஆயிரக்கணக்கில் போர்ட் கேட்கும் இணையக் குரல் அழைப்புக்கு இதுதான் சரி.

ரேஞ்சைத் திறப்பது சின்ன விஷயம். சிக்கல் வேறு: 21இல் முதல் சர்வரிடம் பேசிய கேமரா, படத்தைக் கொண்டுபோய் இரண்டாவது சர்வரின் கதவைத் தட்டினால்? எல்லாரும் சொல்லும் மருந்து, அனுப்புபவரின் ஐபியை வைத்து ஒரே சர்வரில் ஒட்டவைப்பது. எஸ்டேட்டில் அது எடுபடவில்லை. அங்கே சிம் ரவுட்டர்கள்தான். மொபைல் நிறுவனம் பல சிம்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பாதி மலை ஒரே ஐபியாகத் தெரிந்தால் ஒரு சர்வர் திணறும், மற்றது சும்மா கிடக்கும்.

எனக்குப் பிடித்த வழி ரேஞ்சையே பாகம் பிரிப்பது. முதல் சர்வருக்கு 30000–30049, இரண்டாவதற்கு 30050–30099. போர்ட் எண்ணைச் சொல்வதே சர்வர்தான் என்பதால், எண்ணைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும். இரண்டு சர்வர்களும் பேலன்சரின் பொது ஐபியையே கேமராவிடம் சொல்லும்படி அமைக்க வேண்டும். 21ஐ மாறி மாறிப் பகிரலாம், ஒட்டவைக்கத் தேவையே இல்லை.

இந்த அளவுக்கு நான் என்ஜின்எக்ஸைத்தான் எடுப்பேன். அமைப்புக் கோப்பில் ரேஞ்சின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்ன பிளாக், யார் திறந்து பார்த்தாலும் புரியும். குறை ஒன்று உண்டு: சர்வர் லாகில் கேமராவின் ஐபி வராது, பேலன்சரின் ஐபிதான் விழும். அது வேண்டும் என்றால் ஐபிவிஎஸ், சர்வருக்கு ஒரு முத்திரை வீதம்.

மூன்றாவது சர்வர் வந்தால் 30100 முதல் 30149 வரை இன்னொரு பிளாக், ஒரு ரீலோடு. ஃபயர்வாலிலும் அதைத் திறங்கள். இல்லையென்றால் கேமரா லாகின் ஆகும், படம் மட்டும் வந்து சேராது.