ஓசிடிக்கு டிஎம்எஸ்: காசு கட்டுமுன் காயிலைக் கேளுங்கள்

ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணமும் கழுவுதல், சரிபார்த்தல் போன்ற செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு, டிஎம்எஸ் என்ற காந்தத் துடிப்புச் சிகிச்சை என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "தலையில கரண்ட் வைப்பாங்களா?" என்பதுதான். வைக்க மாட்டார்கள். மயக்க ஊசி கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. தலையோடு ஒட்டி வைக்கும் காயிலில் (கம்பிச்சுருளில்) மின்சாரம் சட்டென்று பாய்ந்து நிற்கும்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி நரம்பணுக்களைத் தூண்டுகிறது. 1985-ல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டிய முறை இது. முடிந்ததும் எழுந்து குளச்சலுக்கோ குலசேகரத்துக்கோ பஸ் ஏறிவிடலாம்.

நல்ல சிகிச்சைதான். ஆனால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியது இதுவல்ல. ஓசிடிக்கு மாத்திரை கூடுதல் அளவில், 10 முதல் 12 வாரம் வரை வேண்டும். செர்ட்ராலின் 50 மி.கி.யை ஒரு மாதம் விழுங்கிவிட்டு "மருந்து கேட்கல" என்று சொல்வது அவசரம். தேவைப்பட்டால் டாக்டர் 200 வரை ஏற்றுவார். கூடவே இஆர்பி: பயப்படும் காரியத்தை வேண்டுமென்றே எதிர்கொண்டு, கழுவாமல், சரிபார்க்காமல் இருக்கப் பழகும் பயிற்சி. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்த பிறகும் நோய் பிடிவிடவில்லை என்றால்தான் டிஎம்எஸ் பேச்சு.

டிஎம்எஸ் எடுப்பது என்று முடிவானால், கேட்க வேண்டியது எந்தக் காயில், தலையில் எந்த இடம் என்பது. திருவனந்தபுரமோ பெங்களூரோ, எங்கே போனாலும் கேளுங்கள். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் ஓசிடிக்கு அனுமதித்தது பிரெயின்ஸ்வே நிறுவனத்தின் எச்7 காயில். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் இது, நெற்றிமடலின் நடுப்பகுதியையும் அதன் அடியிலுள்ள சிங்குலேட் பகுதியையும் எட்டும். 8 வடிவக் காயில் வைத்திருப்பவர்கள் உச்சிக்குச் சற்று முன்னே, எஸ்எம்ஏ என்ற இடத்தில், நொடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாகக் கொடுப்பதுண்டு. அதற்கும் ஆய்வு ஆதரவு இருக்கிறது. எச்சரிக்கை தேவைப்படுவது வேறிடத்தில்: மனச்சோர்வுக்கு வைக்கும் இடது நெற்றிப்பக்கத்திலேயே ஓசிடிக்கும் வைத்து அனுப்பினால், அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

எச்7 முறையில் முதல் நாள் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். துடிப்பின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்துக்கு ஐந்து முறை காலின் பெருவிரல் அசையும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடிப்பார்கள். அதுதான் உங்களுக்கான வலு. பிறகு ஹெல்மெட்டை 4 செ.மீ. முன்னே நகர்த்துவார்கள். நொடிக்கு 20 துடிப்பு வீதம் 2 நொடி, பிறகு 20 நொடி ஓய்வு. இப்படி 50 முறை, மொத்தம் 2,000 துடிப்பு, சுமார் 18 நிமிடம். சத்தம் படபடவென்று இருக்கும், காதில் அடைப்பான் கட்டாயம்.

ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் சில நிமிடம் நோயைக் கிளறிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பஸ் கம்பியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார வைப்பது, சிலிண்டர் வால்வை மூடினோமா என்று யோசிக்க வைப்பது, குருசடியைத் தாண்டும்போது வரும் தெய்வ நிந்தனை எண்ணத்தை நினைவூட்டி, பரிகார ஜெபம் சொல்லாமல் இருக்கச் சொல்வது என்று ஆளுக்கேற்ப மாறும். பதற்றம் பத்துக்கு 4 முதல் 7 வரை ஏறினால் போதும். மூளையில் அந்த நோயை ஓட்டும் நரம்புச் சுற்று விழித்திருக்கும்போது துடிப்பைக் கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர். நோயாளி செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, ஆபரேட்டர் பட்டனை அழுத்திவிட்டுப் போகும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள்.

பலன் எவ்வளவு? அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 6 வாரத்தில் 29 அமர்வு. ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்பாக்ஸ் மதிப்பெண் 30 சதவீதமாவது குறைந்தவர்கள், உண்மைக் காயிலில் 38 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த போலிக் காயிலில் 11 சதவீதம். ஆக, பாதிப்பேருக்கும் மேல் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. நூறு சதவீத உத்தரவாதம் என்று நோட்டீஸ் அடிப்பவர்களை நம்ப வேண்டாம்.

தலைவலி, உச்சந்தலை வலி பலருக்கு வரும், போகப்போகக் குறையும். வலிப்பு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் குளோமிப்ரமின், புப்ரோபியான் சாப்பிடுபவர்களுக்கும், குடியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும் ஆபத்து கூடும். ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழுபவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பால்வெட்டு நிற்கும் பருவத்தில் சிகிச்சையை வைத்துக்கொள்வது உத்தமம். குளச்சல் பக்கம் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை தடைக்காலம் தோதானது, 6 வாரமும் விட்டுப்போகாமல் போகலாம். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கொண்டை ஊசி, கம்மல், மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

பத்து அமர்வில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதும், இடையில் யாரையும் கேட்காமல் மாத்திரையை விடுவதும் சிகிச்சையைக் கெடுக்கும். மாத்திரை மாறினால் பெருவிரல் அளவை மறுபடி எடுக்க வேண்டும். ஒய்பாக்ஸை முதல் நாளும் கடைசி நாளும் போட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்து ஒரு மாதம் கழித்தும் ஒருமுறை போடச் சொல்லுங்கள்: அந்த ஆய்வில் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது பலன் கண்டவர்கள் 45 சதவீதமாகக் கூடியிருந்தார்கள்.