ஆடிட் வினாத்தாள்: பத்துக் கேள்விகளும் ஒரு குவார்ட்டரும்

மதுப் பழக்கத்தை ஆராய்பவரும், புறநோயாளிப் பிரிவில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும் ஒருசேர நம்பிப் பயன்படுத்தும் கருவிகளுள் முதன்மையானது உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT, மதுப் பழக்கக் கோளாறுகளை அடையாளம் காணும் சோதனை) வினாத்தாள். ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த கூட்டாய்விலிருந்து உருவாகி 1993-இல் வெளிவந்த இதில் பத்துக் கேள்விகளே உள்ளன. சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம்; கட்டணமும் இல்லை.

முதல் மூன்று கேள்விகள் எவ்வளவு, எத்தனை முறை குடிக்கிறார் என்பதையும், அடுத்த மூன்று குடிக்கு அடிமையாகும் அறிகுறிகளையும், கடைசி நான்கு குற்ற உணர்வு, நினைவு தப்புதல், காயம், வீட்டாரின் கவலை ஆகியவற்றையும் விசாரிக்கின்றன. மொத்த மதிப்பெண் 40; 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான கட்டத்தை எட்டியிருக்கக்கூடும் என்று பொருள். வேலையும் கல்லீரலும் கெட்ட பிறகு அல்ல, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் காலத்திலேயே ஒருவரை அடையாளம் காட்டுவதுதான் இந்த வினாத்தாளின் பெரும் பலம், என் மதிப்பீட்டில் அதன் முழு நியாயமும் அதுவே.

ஆனால் நம் ஊரில் இதை அச்சடித்தபடியே பயன்படுத்தினால் விடை பிழையாகிவிடும். வினாத்தாள் கணக்கிடும் ஓர் அளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். டாஸ்மாக்கில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியோ விஸ்கியோ 180 மில்லி குவார்ட்டராக இருந்தால், அதில் ஏறத்தாழ 61 கிராம், அதாவது ஆறு அளவுகள் உள்ளன. வாரத்தில் இரண்டு நாள் தலா ஒரு குவார்ட்டர் குடிப்பவரை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு குடிப்பீர்கள் என்றால், "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பார். கேட்பவர் 'ஒன்று அல்லது இரண்டு' என்ற கட்டத்தில் குறித்து சுழியம் போடுவார். ஒரே அமர்வில் ஆறு அளவு குடித்ததுண்டா என்றால், "அவ்வளவெல்லாம் இல்லை சார்" என்பார், அதற்கும் சுழியம். எத்தனை முறை என்ற கேள்விக்கு மட்டும் 3 கிடைப்பதால், முதல் மூன்று கேள்விகளுக்குச் சேர்த்துக் கிடைப்பது 3 மதிப்பெண். சரியாகக் கணக்கிட்டிருந்தால் அந்த மூன்றிலேயே 8 (3+2+3) வந்திருக்கும். உதவி தேவைப்படும் ஒரு மனிதர் நல்ல சான்றிதழோடு வீடு திரும்புவது இப்படித்தான், அவர் ஒரு பொய்கூடச் சொல்லாமலே.

ஆகவே, உள்ளூர் பாட்டில் அளவுகளை வைத்துக் கேள்வியை மாற்றிக் கேட்பது கட்டாயம். கட்டிங் (அரைக் குவார்ட்டர், 90 மில்லி) என்றால் மூன்று அளவு, 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதமாக இருந்தால் நான்கு அளவு என்று ஒரு சிறு அட்டவணையைத் தாளின் மேலேயே ஒட்டிவிடலாம். கள்ளச்சாராயத்துக்கு இந்தக் கணக்கு உதவாது; அதன் வீரியம் யாருக்கும் தெரியாது.

இது மதுவுக்கு மட்டுமான வினாத்தாள். கஞ்சா, தூக்க மாத்திரை, ஓபியம் வகைகளையும் சேர்த்து விசாரிக்க அதே நிறுவனத்தின் அசிஸ்ட் வினாத்தாள் இருக்கிறது; அதற்குச் சற்றுக் கூடுதல் நேரமும் பயிற்சியும் வேண்டும். மேலும், ஆடிட் மதிப்பெண் மட்டுமே நோயை உறுதிசெய்யும் முடிவு அல்ல. 20 அல்லது அதற்கு மேல் பெற்றவரை மனநல மருத்துவரிடமோ போதை மீட்பு மையத்துக்கோ அனுப்பியே ஆக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம், தொழிற்சாலை மருத்துவப் பிரிவு, கள ஆய்வு ஆகிய மூன்றுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டாமல் வாய்மொழியாகக் கேளுங்கள். கேட்கும்போது குடும்பத்தாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள்.