குழந்தையின் போக்கில் கல்வி: அன்ஸ்கூலிங்கா, சம்மர்ஹில்லா, மாண்டிசோரியா?

பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளையை அதன் போக்கில் படிக்க விடலாமா என்ற பேச்சு வந்தாலே அன்ஸ்கூலிங், சம்மர்ஹில், மாண்டிசோரி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். முடிவெடுக்கப் போகும் பெற்றோருக்கு இவற்றின் வித்தியாசம்தான் முக்கியம்.

சம்மர்ஹில் ஒரு பள்ளி, 1921-இல் கல்வியாளர் ஏ.எஸ்.நீல் தொடங்கியது, இங்கிலாந்தின் சஃபோக்கில் இன்றும் நடக்கிறது. அங்கே ஆசிரியர் உண்டு, கால அட்டவணை உண்டு, வகுப்புக்குப் போவது மட்டும் பிள்ளையின் இஷ்டம். பள்ளிக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. 1999-இல் அரசு ஆய்வாளர்கள் வகுப்பு கட்டாயமில்லை என்பதைக் குறை சொல்லி, மூட வேண்டி வருமோ என்கிற அளவுக்குப் போய், கடைசியில் 2000-இல் தீர்ப்பாயத்தில் சமரசமானது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஆனால் இதன் உயிரே அந்தக் கூட்டத்தில் இருப்பதால் ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் செய்ய முடியாது.

மாண்டிசோரியில் பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிறது, சரி, ஆனால் எதிலிருந்து? பெரியவர்கள் வரிசைப்படுத்தி அலமாரியில் வைத்ததிலிருந்து. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். கணக்குக்கு ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம்; பத்துக்கும் ஆயிரத்துக்கும் உள்ள தூரத்தைக் கையே எடை போட்டுத் தெரிந்துகொள்கிறது. இது நமக்குப் புதிதும் இல்லை, 1939-இல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

பள்ளிக்கே அனுப்பாமல், பாடத்திட்டமும் வைக்காமல் பிள்ளையைத் தானே கற்க விடும் அன்ஸ்கூலிங்கில் அந்த அலமாரியும் கிடையாது. பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பள்ளிகளைத் திருத்த முடியாது என்று முடிவுகட்டி, 1977-இல் இதற்காகவே ஓர் இதழ் தொடங்கினார். பூச்சியோ ரயிலோ சமையலோ, ஒன்றில் இறங்கிய பிள்ளையை மணியடித்து எழுப்ப ஆளில்லை என்பது பெரிய வரம்தான். ஆனால் ஒன்பது வயதாகியும் வாசிக்கவில்லை என்றால், இன்னும் ஆசை வரவில்லையா, இல்லை வாசிப்பதையே சிரமமாக்கும் டிஸ்லெக்சியா குறைபாடா என்று யார் கவனிப்பது? பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும், நம் வீடுகளில் அது அநேகமாக அம்மாதான், அவருடைய வேலையும் சம்பளமும் போவதைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

என்னைக் கேட்டால் எட்டு வயது வரை மாண்டிசோரி. எழுத்தும் எண்ணும் கைக்கு வந்த பிறகு, வீட்டில் ஆள் இருந்தால் மட்டும், அவிழ்த்து விடலாம். சான்றிதழுக்குப் பயப்பட வேண்டாம், 14 வயது நிறைந்தால் பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வெழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாகப் பத்தாம் வகுப்பை 5 பாடங்களோடு எழுதிவிடலாம். ஆனால் உட்கார்ந்து மணிக்கணக்கில் எழுதிப் பழகாத கை வலிக்கும், அப்புறம் கேள்விக்கு ஏற்ப விடையைச் சுருக்கவும் தெரியாது, அதனால் 13 வயதிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்துவிடுங்கள்.