மலைப்பனிக்கு மேக விதைப்பு: வயோமிங் வழியா, ஐடஹோ வழியா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் மலைமேல் சேரும் பனிதான் கோடையில் உருகி ஆற்றுக்கு வருகிறது. மேகத் துளிகளை உறையவைக்கும் சில்வர் அயோடைடு என்ற பொருளை மேகத்தில் தூவி (இதுதான் மேக விதைப்பு) அந்தப் பனியைக் கூட்ட முடியுமா என்று சோதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. என் ஆய்வுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது ஐடஹோ வழியை எடுத்தேன்.

வயோமிங்கில் செய்தது புள்ளியியல் சோதனை. மெடிசின் போ, சியரா மாத்ரே என்று அருகருகே இரண்டு மலைத்தொடர்கள். தகுந்த மேகம் வரும்போது குலுக்கல் முறையில் ஒன்றில் மட்டும் தரையிலுள்ள ஜெனரேட்டர்களை, அதாவது சில்வர் அயோடைடை எரித்துப் புகையாக மேகத்துக்கு அனுப்பும் கருவிகளை, இயக்குவார்கள், மற்றது ஒப்பீட்டுக்கு. ஆறு குளிர்காலங்கள் உழைத்து, 118 சோதனைகளை அலசிப் பார்த்ததில் பனியில் கிடைத்த கூடுதல் 3 சதவீதம். அது தற்செயலாக வந்திருக்கவும் 28 சதவீத வாய்ப்பு இருந்தது.

உழைப்பில் குறையில்லை. சிக்கல் இயற்கையின் ஏற்ற இறக்கத்தில்தான். ஒரு புயல் கொட்டும் பனிக்கும் அடுத்த புயல் கொட்டும் பனிக்கும் வித்தியாசம் பல மடங்கு. விதைப்பால் கூடுவதோ, நன்றாக வேலை செய்தாலும், 5 முதல் 15 சதவீதம் என்றுதான் அதே திட்டத்தின் இறுதி மதிப்பீடே சொன்னது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அவ்வளவு சன்னமான குரலைப் பிரித்துக் கேட்க 118 சோதனைகள் போதாது. போதாக்குறைக்கு, ஒரு மலைக்காக எரித்த புகை சில சமயம் ஒப்பீட்டு மலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐடஹோவில் பயெட் ஆற்றுப்படுகைக்கு மேலே 2017 குளிர்காலத்தில் நடந்த ஸ்னோயி (SNOWIE) என்ற ஆய்வு சராசரியை நம்பவில்லை, நேரே பார்த்தது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயும் உறையாத நுண்துளிகள் நிறைந்த, தானாகப் பனி கொட்டாத மேகங்களில் விமானம் காற்றுக்குக் குறுக்காகப் போய்வந்து தூவியது. ரேடாரில் முதலில் ஒன்றுமில்லை. சிறிது நேரத்தில் விமானம் போன தடத்தை ஒட்டி வளைந்து வளைந்து ஒரு கோடு தெளிந்தது. அது காற்றோடு நகர்ந்து, அகன்று, பனியாக மலையில் இறங்கியது. இயற்கையில் அப்படி ஒரு கோடு உருவாகாது. ஜனவரி 19 அன்று 20 நிமிடம் தூவியதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பனி விழுந்தது. தண்ணீராகக் கணக்கிட்டால் சுமார் 1,23,000 கன மீட்டர். இது அளந்து கண்ட எண், அதனால்தான் எனக்கு இந்த வழி.

விமானம், மலையுச்சியில் ரேடார் என்று செலவு அதிகம் என்பது சொல்லாமலே தெரியும். அதைவிடப் பெரிய வரம்பு வேறு. ஏற்கெனவே பனி கொட்டிக்கொண்டிருக்கும் அடர்ந்த புயலில் அந்தக் கோடு மறைந்துவிடும். ஆகவே ஒரு சீசன் முழுவதும் அணைக்கு எவ்வளவு கூடுதலாக வந்தது என்று நீர்வளத் துறை கேட்டால், ரேடாரை மட்டும் வைத்து என்னால் பதில் தர முடியாது. கணினி மாதிரிகளும் வேண்டும். தரை ஜெனரேட்டர்களைப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை, அவற்றைப் பற்றி அதை நடத்துபவர்கள் சொல்வதையே கேளுங்கள்.