டாலிஷ் ரயில் பாதை: சுவரை உயர்த்துவதா, வழியை மாற்றுவதா?

2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டெவன் கரையில், டாலிஷ் ஊரின் கடற்சுவரைப் புயல் உடைத்தது. அடிமண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. தென்மேற்கு மூலையிலுள்ள பிளிமத் நகரம், கார்ன்வால் மாவட்டம் பக்கம் போகும் முக்கிய ரயில் வழி இரண்டு மாதம் துண்டாகிக் கிடந்தது. ஏப்ரல் 4 அன்று ரயில் மறுபடி ஓடியது. சரி, அடுத்த புயலுக்கு என்ன செய்வது?

ஒன்று, அதே இடத்தில் சுவரை உயர்த்துவது. அதைத்தான் செய்தார்கள். புதிய சுவரின் மேல்விளிம்பு கடல் பக்கமாக வளைந்திருப்பதால், ஏறிவரும் அலை திரும்பக் கடலுக்கே போகும். 2023இல் வேலை முடிந்தது. ஆனால் ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதையின் மறுபக்கம் செங்குத்துப் பாறைகள். 2014 மார்ச்சிலேயே பக்கத்து ஊரான டைன்மத் அருகே மண் சரிந்தது. சுவர் அதைத் தடுக்காது.

இன்னொன்று, டெவனின் உள்பகுதியிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தின் வடக்கே ஓக்ஹாம்ப்டன், டாவிஸ்டாக் வழியாகப் பழைய பாதையை மீட்பது. 1968இல் மூடிய நடுப்பகுதியைத் திரும்பப் போட வேண்டும். 2014இல் போட்ட மதிப்பீடு 87.5 கோடி பவுண்டு. லண்டனிலிருந்து கார்ன்வால் போகும் ரயில் எக்ஸிடர் நகரிலும் பிளிமத்திலும் நின்று, வந்த திசையிலேயே திரும்பக் கிளம்ப வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கரையோர ஊர்களான டாலிஷ், டைன்மத், டார்கி மக்களுக்கு அந்தப் பாதை உதவாது.

அதனால் சுவருக்கே என் ஓட்டு. அப்புறம், எக்ஸிடர்-ஓக்ஹாம்ப்டன் பகுதி 2021இல் திறந்தாயிற்று. சுவர் மண்சரிவைத் தடுக்காது என்பதால், மீதியையும் மாற்றுவழியாகக் கட்டியே ஆக வேண்டும்.